கண்ணிவெடி எடுக்கிறவனுக்கு எந்த இன்சூரன்ஸ்?

அக்கா மகன் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில் இருக்கிறான். ஏழு வருட சர்வீஸ், போன வருடம் கல்யாணம், இப்போது எல்லைப் பக்கம் ஒரு ஃபீல்டு ஏரியாவில் கண்ணிவெடி எடுக்கிற வேலை. போன மாதம் போன் பண்ணினான். "மாமா, லீவு முடிஞ்சு வரும்போது ஒருத்தர் பிடிச்சுக்கிட்டார். மாசம் மூவாயிரம் கட்டினா இருபது வருஷத்துல நல்ல தொகை வருமாம், நடுவுல ஏதாவது ஆனா வீட்டுக்கும் பணமாம். போடவா?" நடுவில் ஏதாவது ஆனால் எவ்வளவு என்று கேட்டேன். ஏழு லட்சம் என்றான். கையெழுத்துப் போடாதே, ராத்திரி கூப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரி ஒன்றரை மணி நேரம் பேசினோம், நடுவில் நாலு தடவை சிக்னல் போனது. அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன், இவன் மாதிரி இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால். நான் காலாட்படையில் கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவன். துப்பாக்கி பிடித்ததைவிட ஃபைல் பிடித்ததுதான் அதிகம். ஒரு ஜவான் இறந்துபோனால் எந்தக் காகிதம் எங்கே போகும், எது எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், டைப் அடித்தவன் நான்தானே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் வேலை பார்க்கிறவர் இறந்தால் குடும்பத்துக்கு வருகிற பணம் ஏறக்குறைய ஒரே கணக்கு. ராணுவத்தானுக்கு அப்படி இல்லை, எப்படிச் செத்தான் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். மத்திய அரசின் கருணைத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, பணியின்போது நடக்கிற விபத்தில் இறந்தால் 25 லட்சம். எல்லைச் சண்டையிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ இறந்தால் 35 லட்சம். சியாச்சின் மாதிரி உயரமான இடங்களில் பணியில் இருக்கும்போது வானிலையால் இறந்தாலும் 35 லட்சம். போரில் எதிரியின் தாக்குதலில் இறந்தால் 45 லட்சம். லீவில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் மாரடைப்பில் போய்விட்டால் இதில் ஒரு பைசாவும் கிடையாது.

குடும்ப ஓய்வூதியமும் அப்படித்தான். ராணுவத்தில் மரணத்தை ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். பணிக்குச் சம்பந்தமே இல்லாத நோய் என்றால் ஏ. பணியால் வந்த நோய், பணியில் நடந்த விபத்து என்றால் பி, சி. தீவிரவாதிகளின் தாக்குதல், எதிரியின் தாக்குதல் போன்றவை டி, ஈ. எல்லையோரத்தில் கண்ணிவெடி புதைக்கும்போதோ எடுக்கும்போதோ வெடித்து இறந்தால் அதுவும் ஈ-யில்தான் வரும், இவனுக்கு அது முக்கியம். டி, ஈ வகையில் தாராளக் குடும்ப ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளம் முழுதாக வரும். பி, சி வகையில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். ஏ வகையில் சாதாரண ஓய்வூதியம், முதல் பத்து வருடம் 50 சதவீதம், அப்புறம் 30. கடைசிச் சம்பளம் 33,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு விதவைக்கு 33,000, இன்னொரு விதவைக்கு 19,800, மூன்றாமவருக்கு 16,500-ல் ஆரம்பித்து பத்து வருடம் கழித்து 9,900. அகவிலைப்படி தனி. மூன்று பேரின் புருஷனும் ஒரே யூனிட், ஒரே ரேங்க், ஒரே சர்வீஸாக இருக்கலாம்.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவு விழுந்து 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் போனது நினைவிருக்கும். தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் இருந்தார்கள். ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. 2020 ஜூனில் கல்வானில் 20 பேர் இறந்தார்கள், ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். அங்கேயும் துப்பாக்கிச் சூடு இல்லை, கல்லும் கம்பியும்தான். போர் என்று யாரும் அறிவிக்கவும் இல்லை. சொல்லப்போனால் கார்கிலே முறைப்படி அறிவித்த போர் இல்லை. ராணுவ மரணம் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி மார்பில் குண்டு என்று ஊரில் நினைக்கிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்து நான் டைப் அடித்தவற்றில் பைக் விபத்து உண்டு, மஞ்சள் காமாலை உண்டு, வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது உண்டு.

அதனால் மருமகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: எப்படிச் செத்தாய் என்று கேட்காத பாலிசி எது, அதை முதலில் பார். மற்றதெல்லாம் மேல்வரவு. இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஏஜிஐ

ராணுவ குழுக் காப்பீட்டு நிதி, 1976 ஜனவரி 1 முதல் இருக்கிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாக இதே மாதிரி உண்டு. இது விருப்பப்பட்டுச் சேர்வது இல்லை, சம்பளத்திலிருந்து பிடித்துவிடுவார்கள். நல்ல விஷயம், இது எப்படிச் செத்தான் என்று கேட்பதில்லை. போர், நோய், விபத்து எதுவானாலும் சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் பணம் வரும். நம் வேலையைக் காரணம் காட்டிக் கூடுதல் பிரீமியம் கேட்கிற பேச்சும் இல்லை, கேட்டால் அப்புறம் யாருக்குத்தான் கொடுப்பார்கள். ஊனமாகி வெளியே அனுப்பப்பட்டாலும் அதற்கென்று ஒரு தொகை உண்டு. பிடிக்கிற பணத்தில் ஒரு பகுதிதான் காப்பீட்டுக்குப் போகும், மீதி சேமிப்பாகச் சேர்ந்து ரிட்டயர் ஆகும்போது கைக்கு வரும். "ஏஜிஐ பணத்துல தான் வீட்டுக்கு மாடி போட்டேன்" என்று எங்கள் வேலூர் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது சொல்வார்கள்.

தொகை எவ்வளவு என்பது அதிகாரிக்கு ஒன்று, ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரிகள்) மற்றும் ஜவான்களுக்கு ஒன்று. 2024-ல் பரவலாகப் பேசப்பட்ட, பணியில் இறந்த ஒரு கேப்டனின் விஷயத்தில் ஏஜிஐ தொகை 1 கோடி. ஜவானுக்கு இதைவிடக் குறைவு. சில வருடங்களுக்கு ஒருமுறை பிடித்தமும் தொகையும் மாறும் என்பதால், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பட்டியலை நம்பாமல் உங்கள் பே ஸ்லிப்பைக் காட்டி கிளார்க்கிடம் இன்றைய கவர், அதாவது இறந்தால் வருகிற தொகை, எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டால் திட்டுவார், ஆனால் சொல்வார்.

குறை என்ன? முதலாவது, நமக்கு வேண்டும் என்று கூட்டிக்கொள்ள முடியாது. இரண்டாவதுதான் பெரியது, டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு இந்தக் கவர் முடிந்தது. ரிட்டயர் ஆனவர்களுக்கு நீட்டிப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு, முதிர்வுத் தொகையிலிருந்து ஒரே தடவையாகப் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் கவர் சர்வீஸில் இருந்ததைவிடக் குறைவு. சிப்பாய் நாற்பது வயதுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான், அப்போதுதான் பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படிக்கும். பெரிய செலவெல்லாம் அதற்கு மேல்தான்.

அக்னிவீர் பையன்கள் இதைப் படித்தால் உங்களுக்குக் கணக்கே வேறு. நாலு வருடத்துக்கு ஆள் எடுக்கிற, 2022-ல் வந்த திட்டத்தில் உங்களுக்கு 48 லட்சம் காப்பீடு, நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். பணியால் நேர்ந்த மரணம் என்றால் 44 லட்சம் கருணைத்தொகையும், நாலு வருடம் முடிந்தால் வருகிற சேவா நிதியும் மீதிக் காலச் சம்பளமும் சேரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ரெகுலர் ஜவானின் மனைவிக்கு மாதாமாதம் சாகும்வரை வருகிற அந்தப் பணம்தான் உண்மையில் ராணுவத்தின் மிகப் பெரிய இன்சூரன்ஸ், யாரும் அதை இன்சூரன்ஸ் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். அது உங்களுக்கு இல்லை. நாலு வருடத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் வெளியே வருவீர்கள், 48 லட்சக் கவர் அங்கேயே நின்றுவிடும். அதனால் சொந்தமாக ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தருவது, கீழே சொல்கிறேன்) ரெகுலர் ஆளைவிட உங்களுக்குத்தான் அவசரம், வயது இருபத்தொன்று என்பதால் பிரீமியமும் குறைவு.

பேங்கு தருகிற இலவசம்

சம்பளக் கணக்கோடு வருகிற விபத்துக் காப்பீடு. ஸ்டேட் பேங்க், பஞ்சாப் நேஷனல், கனரா என்று பலரும் ராணுவத்தோடு ஒப்பந்தம் போட்டு டிஃபென்ஸ் சாலரி பேக்கேஜ் தருகிறார்கள். தொகையும் சின்னது இல்லை, பல பேக்கேஜ்களில் அரைக் கோடியும் அதற்கு மேலும். சண்டையில் இறந்தால் கூடுதல், விமான விபத்து என்றால் கூடுதல் என்று அடுக்கடுக்காக இருக்கும். இலவசம்தானே, கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் ஆள்சேர்ப்பின்போது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு இருப்பார்கள், அதை பேக்கேஜ் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஆனால் இது விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இல்லை. காமாலைக்குக் கிடையாது, கேன்சருக்குக் கிடையாது, மாரடைப்புக்கும் பெரும்பாலும் கிடையாது. ஒப்பந்தம் பேங்குக்கும் ராணுவத்துக்கும் இடையில் என்பதால் புதுப்பிக்கும்போது தொகையும் நிபந்தனையும் மாறும், உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, இப்படி ஒரு காப்பீடு இருப்பதே வீட்டில் தெரியாது. பேங்கு தேடி வந்து கொடுக்காது, குடும்பம்தான் குறிப்பிட்ட நாளுக்குள் கேட்க வேண்டும். மனைவியின் போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள்: எந்தப் பேங்கு, எந்தக் கிளை, என்ன பேக்கேஜ்.

இதோடு அரசின் இரண்டு சின்னத் திட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சுரக்ஷா வருடம் 20 ரூபாய், விபத்துக்கு 2 லட்சம். போட்டு வையுங்கள், அதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

தபால்காரர் இன்சூரன்ஸ்

பிஎல்ஐ, அஞ்சல் ஆயுள் காப்பீடு. 1884-ல் வெள்ளைக்காரன் தபால் ஊழியர்களுக்காக ஆரம்பித்தது, ராணுவத்தினருக்கும் உண்டு. ராணுவத் தபால் சேவை ஆட்களே யூனிட்டுக்கு வந்து ஃபாரம் நிரப்பிவிடுவார்கள், பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துவிடலாம். வேலை ஆபத்தானது என்பதற்காக யாரும் முகத்தைச் சுளிக்க மாட்டார்கள். அதிகபட்சம் 50 லட்சம் வரை போடலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஊர் தபால் ஆபீஸிலேயே கட்டித் தொடரலாம், இதுதான் ஏஜிஐ-க்கு இல்லாத சௌகரியம்.

போனஸும் மற்ற எண்டோவ்மென்ட் பாலிசிகளோடு, அதாவது இறந்தாலும் காலம் முடிந்தாலும் பணம் தருகிற பாலிசிகளோடு, பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. சமீப வருடங்களில் சந்தோஷ் என்கிற எண்டோவ்மென்ட்டுக்கு வருடம் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு 52 ரூபாய், சுரக்ஷா என்கிற முழு ஆயுள் பாலிசிக்கு 76. பத்து லட்சத்துக்கு சந்தோஷ் போட்டால் வருடம் 52,000 சேரும், இருபது வருடத்தில் 10 லட்சத்து 40 ஆயிரம், அசலோடு 20 லட்சத்து 40 ஆயிரம். போனஸுக்கு மேல் போனஸ் ஏறாது என்பதைக் கவனியுங்கள், வட்டிக்கணக்குப் போட்டால் பேங்கு டெபாசிட்டைப் பெரிதாகத் தாண்டாது.

எனக்கு பிஎல்ஐ பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் சேமிப்பாகத்தான் பிடிக்கும். செத்தால் குடும்பம் ஓடுவதற்கு என்று பார்த்தால், 50 லட்சத்துக்கு எண்டோவ்மென்ட் போடுகிற பிரீமியம் ஒரு நாயக்கின் சம்பளத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கட்டக்கூடிய அளவுக்குப் போட்டால் கவர் ஐந்து லட்சம், பத்து லட்சத்தில் நின்றுவிடும்.

மருமகனுக்கு வந்த ஏழு லட்சம் பாலிசியும் இதே ரகம்தான், பிஎல்ஐ-யைவிடப் போனஸ் குறைவு என்பதைத் தவிர. நானே இப்படி ஒன்றில் மாட்டியவன். முதல் லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு ஏஜென்ட், சொந்தக்காரர் வேறு, அப்பாவுக்கு எதிரிலேயே கையெழுத்து வாங்கிவிட்டார். மூன்று வருடம் கட்டினேன், ஜம்முவில் இருந்தபோது இரண்டு தவணை விட்டுப்போனது, பாலிசி லாப்ஸ். திரும்ப உயிர்ப்பிக்க டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டார்கள், நான் எங்கே போவேன் டாக்டருக்கு. கட்டியதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. ஏஜென்ட்டுக்கு முதல் வருடம்தான் பெரிய கமிஷன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

டேர்ம் பாலிசி

இறந்தால் மட்டும் பணம், உயிரோடு இருந்தால் ஒன்றும் வராது. நம்மவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும். "கட்டின காசு போச்சே" என்பார்கள். பைக்குக்குக் கட்டுகிற இன்சூரன்ஸை வருடக் கடைசியில் யாராவது திருப்பிக் கேட்கிறோமா?

இதன் பலம் அளவு. இருபத்தைந்து வயது, புகை பிடிக்காத சாதாரண வேலைக்காரர் அறுபது வயது வரை 1 கோடி கவர் எடுத்தால் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் முடியும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, முன்னே 18 சதவீதம் பிடுங்கிக்கொண்டு இருந்தார்கள். டிஸ்சார்ஜுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும் கடை வைத்தாலும் பாலிசி பாட்டுக்கு ஓடும். நாற்பது வயதில், பிரஷர் வந்த பிறகு புதிதாக எடுப்பதைவிட இருபத்தாறில் எடுப்பது எவ்வளவோ மலிவு.

ராணுவத்தானுக்குச் சிக்கல் வருவது வாசலில். விண்ணப்பத்தில் ராணுவம் என்று எழுதினால் தனியாக ஒரு கேள்வித்தாள் வரும்: எந்தப் பிரிவு, இப்போது எங்கே போஸ்டிங், விமானத்தில் பறப்பதுண்டா, பாராசூட்டில் குதிப்பதுண்டா, நீருக்கடியில் வேலையா, வெடிபொருளைக் கையாள்கிறாயா. அலுவலக வேலையில் இருக்கிற ஆளுக்கு சாதாரண ரேட்டிலேயே கொடுத்துவிடலாம். இவன் மாதிரி சாப்பருக்கு, பைலட்டுக்கு, பாராவில் இருக்கிறவனுக்குக் கூடுதல் பிரீமியம் போடலாம், அல்லது மாட்டேன் என்று சொல்லிவிடலாம். கூடுதல் என்பது பெரும்பாலும் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கு. ஆயிரத்துக்கு 2 ரூபாய் என்றால் 50 லட்சத்துக்கு வருடம் 10,000 ஏறும், மாதம் எண்ணூற்றுச் சொச்சம். வலிக்கும், ஆனால் ஏழு லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் கட்ட இருந்தவனுக்கு இது பெரிதா?

படிப்பும் ஒரு தடை. சில கம்பெனிகள் பெரிய தொகைக்குப் பட்டப்படிப்பு கேட்கும், பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துச் சேர்ந்தவனுக்கு ஒரு கோடி தர மாட்டார்கள். அப்போது 50 லட்சத்துக்குக் கேளுங்கள், எல்ஐசியிலும் கேளுங்கள், ஒருவர் மறுத்தால் எல்லாரும் மறுப்பார்கள் என்று இல்லை. ஆனால் முன்னால் ஒரு கம்பெனி மறுத்ததா என்ற கேள்விக்கு உண்மையை எழுதிவிடுங்கள்.

இங்கேதான் ஏஜென்ட் ஒரு குறுக்கு வழி சொல்வார், வேலை என்ற இடத்தில் "மத்திய அரசு ஊழியர்" என்று மட்டும் போட்டுவிடலாம் சார், ஒன்றும் ஆகாது என்று. பொய்கூட இல்லை பாருங்கள், அதுதான் அதில் விஷமம். காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவின்படி மூன்று வருடம் ஓடிய பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஆனால், மறைத்தாய் என்று கையை விரிக்கலாம். கண்ணிவெடி எடுக்கிறவனுக்கு அந்த மூன்று வருடம்தானே கவலை?

சரி, கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். போரில் இறந்தால் பணம் வருமா? இந்தியாவில் பொதுவாக அடிப்படை டேர்ம் பாலிசியில் முதல் ஒரு வருடத்துக்குள் தற்கொலை என்பதைத் தவிர வேறு விலக்கு இருக்காது. போர், எல்லைச் சண்டை, நோய் எல்லாம் அடங்கும். நான் கேட்ட "எப்படிச் செத்தாய் என்று கேட்காத பாலிசி" கடைசியில் இதுதான். ஆனால் ராணுவத்தான் என்று தெரிந்த பிறகு சிறப்பு நிபந்தனையாக ஏதாவது ஒட்டியிருக்கிறார்களா என்று பத்திரத்தைப் புரட்டிப் பாருங்கள், குறிப்பாக விமானத்தில் பறக்கிறவர்கள். பிடிக்காவிட்டால் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ரைடர் (அடிப்படைப் பாலிசியோடு கூடுதல் காசுக்கு ஒட்டிக்கொள்கிற சேர்க்கை) விஷயம் அப்படி இல்லை. விபத்தில் இறந்தால் இரண்டு மடங்கு என்று ஆசை காட்டி விற்பார்கள். எல்ஐசியின் விபத்து ரைடரிலேயே, போரில் ஈடுபட்டுள்ள நாட்டின் படையில் பணியாற்றுவதால் நேர்கிற விபத்துக்குப் பணம் இல்லை, அந்தப் போர் அறிவிக்கப்பட்டதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்று இருக்கும். தனியார் ரைடர்களிலும் இந்த மாதிரி வரிகள் சாதாரணம். "அறிவிக்கப்படாத" என்கிற அந்த ஒரு வார்த்தைக்குள் கல்வான் வருமா, வராதா என்று உங்கள் மனைவி ஒரு கிளெய்ம் ஆபீஸரோடு வாதாடிக்கொண்டு இருக்க வேண்டுமா? ரைடர் காசை அடிப்படைக் கவரை உயர்த்தப் போடுங்கள். விபத்துக்குத்தான் பேங்கு இருக்கிறதே.

கால் போனால்?

இதை மருமகன் கேட்கவில்லை, நான்தான் எடுத்தேன். கண்ணிவெடி எல்லாரையும் கொல்வதில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடும். ஆயுள் காப்பீடு அப்போது ஒரு ரூபாய்கூடத் தராது, பிரீமியம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த இடத்தில் வெளிச் சந்தையில் நமக்கு நல்லதாக எதுவும் இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம், ஊன ரைடர்களிலும் அதே போர் வரிதான். ஊன ஓய்வூதியம், ஏஜிஐ-யின் ஊனத் தொகை, பேங்கு பேக்கேஜில் நிரந்தர ஊனத்துக்கு இருக்கிற தொகை, இந்த மூன்றும்தான் கைகொடுக்கும். அக்னிவீருக்கு ஊனத்தின் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். அதனால் பேங்கு பேக்கேஜை ஒப்பிடும்போது மரணத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு காலோ ஒரு கையோ போனால் எவ்வளவு என்ற வரியைப் படியுங்கள். கூடவே ஆறு மாதச் செலவுக்காவது கையில் பணம் இருக்கட்டும்.

இவனுக்கு நாங்கள் போட்ட கணக்கு

மோசமான நிலையை எடுத்துக்கொண்டோம், அதாவது நோயில் போனால். கருணைத்தொகை இல்லை. தமிழ்நாடு அரசு 2023-ல் 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்திய தொகை பணியில் உயிர்நீத்தவர்களுக்கு, அதுவும் இல்லை. பேங்கு விபத்துக் காப்பீடு இல்லை. ஏஜிஐ, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, பத்து வருடத்தில் குறைந்துவிடுகிற ஓய்வூதியம், இவ்வளவுதான். எதிர்ப்பக்கம் 12 லட்சம் வீட்டுக்கடன், மனைவி, பிறக்கப் போகிற குழந்தை, அப்பா அம்மா. குடும்பச் செலவுக்கு மாதம் 25,000 வேண்டும் என்றாள் அக்கா. ஓய்வூதியம் போக விழுகிற துண்டை இருபது வருடத்துக்குப் பெருக்கி, கடனையும் சேர்த்து, ஏஜிஐ-யைக் கழித்துப் பார்த்தால், விலைவாசி ஏறுவதையும் வைத்து, 50 லட்சம் டேர்ம் போதும் என்று வந்தது. சண்டையில் போனால் இதற்கு மேல் எவ்வளவோ வரும், அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. கல்யாணம் ஆகாத, கடன் இல்லாத, அப்பாவுக்குச் சொந்த நிலமோ ஓய்வூதியமோ இருக்கிற ரெகுலர் பையனுக்கு ஏஜிஐ-யே போதும் என்றுகூடச் சொல்வேன். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை ஆட்களுக்கு ஏஜிஐ கிடையாது, அதனால் அவர்கள் இந்தக் கணக்கில் அந்த வரியை அடித்துவிட்டுப் போட வேண்டும்.

பிரீமியத்தை வருடத்துக்கு ஒரு தடவை கட்டுகிற மாதிரி வைக்கச் சொன்னேன், சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி. மாதத் தவணைக்குச் சலுகை நாள் பதினைந்துதான், வருடத் தவணைக்கு முப்பது. போன் எடுக்காத போஸ்ட்டில் இருக்கிறவனுக்கு அந்தப் பதினைந்து நாள் பெரிய விஷயம், ஜம்முவில் நான் பட்டது போதும்.

அப்புறம் நாமினி. பாலிசி தேர்வு செய்ய ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் இதை ஒரு நிமிடத்தில் கிறுக்கிவிட்டுப் போவார்கள். ரெக்ரூட்டாக இருந்தபோது ஏஜிஐ ஃபாரத்தில் அம்மா பெயரைப் போட்டிருப்பான், கல்யாணம் ஆகி, அதை யூனிட் பதிவில் ஏற்றுகிற பார்ட் டூ ஆர்டரும் வந்திருக்கும், ஆனால் ஏஜிஐ நாமினியை மாற்றாமல் விட்டிருப்பான். நான் மேலே சொன்ன கேப்டன் விஷயத்தில் ஏஜிஐ பணம் மனைவிக்கும் பெற்றோருக்கும் பாதிப் பாதியாகப் போனது, ஓய்வூதியம் மனைவிக்குப் போனது, அதன் பிறகும் டிவி வரை சண்டை வந்ததை நாடே பார்த்தது. யாருக்கு எவ்வளவு என்று சதவீதம் போட்டு எழுதி, வீட்டில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிடுங்கள். டேர்ம் பாலிசியை 1874-ம் வருடத்து திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால் பணம் மனைவி, பிள்ளைக்கு மட்டுமே, கடன்காரன் கை வைக்க முடியாது. ஆனால் அதில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது. அதனால் இவனுக்கு டேர்ம் மனைவி பெயரில் அந்தச் சட்டத்தின் கீழ், ஏஜிஐ-யில் அம்மாவுக்கும் ஒரு பங்கு என்று பிரித்தோம். அக்காவுக்கு முதலில் முகம் சுருங்கியது, மறுநாள் அவளே போன் பண்ணி சரி என்றாள்.

ஏழு லட்சம் பாலிசிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டேர்ம் விண்ணப்பத்தின் போட்டோவை எனக்கு அனுப்பினான். வேலை என்ற கட்டத்தில் நிரப்பிக் கொடுத்தவர் "அரசுப் பணி" என்று போட்டிருந்தார். அடித்துவிட்டு, ராணுவம், பொறியாளர் படை, கண்ணிவெடி அகற்றும் பணி என்று எழுதச் சொன்னேன். பத்து நாளில் கூடுதல் பிரீமியம் கேட்டு மெயில் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினான். ஏஜிஐ நாமினி ஃபாரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறதாம், தை மாத லீவுக்கு முன்னால் கொடுத்துவிடுகிறேன் என்கிறான். வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.